கொடுக்கிறவர் முதலில் கேட்கட்டும்

போன இதழில் மியூசியம் பற்றி நான் எழுதிய நான்கு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதில் பாதிக்கு மேல் ஆடியோ கைடு பற்றித்தான், அதாவது காட்சிப் பொருளின் எண்ணை அழுத்தினால் அதன் கதையைக் காதில் சொல்கிற கருவி. நம் மொரீஷியஸில் போர்ட் லூயிஸிலும் வெளியூர்களிலுமாக 22 வருடம் டிக்கெட் கவுண்ட்டரிலும் காட்சிக் கூடத்திலும் நின்றவள் நான், எனக்குப் பிடித்த விஷயமும்கூட. அதனால் சமையல், மருத்துவம், பிள்ளைகள் படிப்பு பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் மியூசியத்தில் போன வருடம் 40 ஆடியோ கைடு கருவி வாங்கினார்கள். பிரெஞ்சு, ஆங்கிலம், கிரியோல், ஜெர்மன் என்று நான்கு மொழி. விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து ஒரு மணி நேரம் விளக்கிவிட்டுப் போனார். இப்போது ஒரு நாளைக்கு நான்கைந்து கருவிகூட வெளியே போவதில்லை. கவுண்ட்டர் பெண்களைக் கேட்டால் "வேண்டாம் என்கிறார்கள்" என்று ஒரே பதில். மறுபடியும் பயிற்சி வைக்கச் சொல்லி மேலிடத்தில் உத்தரவு. என்ன சொல்லிக்கொடுப்பது? (ஊர் பெயர் போட வேண்டாம் என்று கேட்ட ஒரு மேற்பார்வையாளர்)

பதில்: உங்களை ஒன்று கேட்கிறேன். அந்தக் கவுண்ட்டரில் இருப்பவர்களில் எத்தனை பேர் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு முதல் அறையிலிருந்து கடைசி அறை வரை ஒரு தடவையாவது நடந்திருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த இடங்களிலெல்லாம் அப்படித்தான். கம்பெனிக்காரர் சொல்லிக்கொடுத்தது எந்த பட்டனை அழுத்தினால் மொழி மாறும், ராத்திரி எப்படி சார்ஜில் வைப்பது என்பதை. அதுவும் வேண்டியதுதான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது, எங்கே கேட்க நன்றாக இருக்கும், எங்கே அலுப்புத் தட்டும் என்று தெரியாத ஒருவர் அதை இன்னொருவர் கையில் எப்படி நம்பிக்கையாகக் கொடுப்பார்? நம் ஊர் மார்க்கெட்டில் தால் பூரி விற்கிறவர் தன் கடைச் சட்னியை ருசி பார்க்காமல் விற்பாரா?

அதனால் இந்த முறை வகுப்பறை வேண்டாம், நடக்க விடுங்கள். மியூசியம் மூடியிருக்கிற நாளில் காலை மூன்று மணி நேரம் போதும். இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒருவர் கருவியோடு பார்வையாளர் மாதிரி நடக்கட்டும், இன்னொருவர் நாலடி தள்ளி ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் போகட்டும். முன்னால் போகிறவர் எங்கே நின்றார், எங்கே காதிலிருந்து எடுத்துவிட்டார், எங்கே எண்ணைத் தேடி முழித்தார் என்று மட்டும் அவர் எழுதினால் போதும். பிறகு இடம் மாற்றிக்கொள்ளட்டும். இதில் கவுண்ட்டர் ஆட்கள் மட்டும் என்று வைத்துவிடாதீர்கள். காவலர், துப்புரவு பார்க்கிறவர், கடையில் இருக்கிறவர் எல்லாரும் வர வேண்டும். மூன்றாவது அறையில் சத்தம் வராமல் போனால் பார்வையாளர் திரும்ப கவுண்ட்டருக்கு வர மாட்டார், பக்கத்தில் சீருடையில் நிற்கிறவரைத்தான் கேட்பார். அந்த மனிதர் கையை விரித்தால் அதோடு கருவி கழுத்தில் தொங்கும் பொருளாகிவிடும்.

நடந்து பார்த்தால் என்னென்ன கிடைக்கும் என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். "உங்கள் இடப்பக்கம் உள்ள பெட்டியில்" என்று குரல் சொல்லும், பெட்டியை எப்போதோ வலப்பக்கம் நகர்த்தியிருப்பார்கள். 12 என்ற எண் ஒட்டிய அட்டை விழுந்து அலமாரிக்குப் பின்னால் கிடக்கும். உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லாத அறையில் நான்கு நிமிடப் பேச்சு ஓடும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு காவலர் 11 வருடமாக ஒரே அறையில் நின்றவர், அன்றுதான் முதல் தடவையாக அந்த அறைக்கான பேச்சைக் கேட்டார். கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பழைய வரைபடத்தில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பாருங்கள் என்கிறாரே, காலை பத்து மணிக்குக் கண்ணாடியில் வெயில் அடிக்கும், கோடு தெரியவே தெரியாது, ஓர் அடி இந்தப் பக்கம் தள்ளி நின்றால்தான் தெரியும்" என்றார். அந்த வரைபடத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிய ஆராய்ச்சியாளருக்கு அது தெரியாது. பேச்சில் "ஓர் அடி வலப்பக்கம் நகர்ந்து நில்லுங்கள்" என்று ஒரே வரி சேர்த்துத் திரும்பப் பதிவு செய்தோம். அதன் பிறகு அந்த அறைக்குள் கருவி இல்லாமல் வருகிறவர்களைப் பார்த்தால் அவரே போய், "இந்த வரைபடத்துக்காவது கேளுங்கள், கீழே போய் வாங்கி வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். யாரும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஊழியர்கள் எழுதிக் கொடுக்கிற குறைகளை இரண்டு வாரத்துக்குள் சரிசெய்யுங்கள். எல்லாம் முடியாவிட்டாலும் விழுந்த அட்டையை ஒட்டுவது, பெஞ்சு போடுவது மாதிரி சிலதையாவது செய்துவிட்டு, யார் சொல்லி நடந்தது என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகத்தை வாங்கி மேசைக்குள் பூட்டிவிட்டால் அடுத்த தடவை ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அப்புறம் கவுண்ட்டரில் பேசுகிற பேச்சு. "ஆடியோ கைடு வேண்டுமா?" என்ற கேள்வியை முதலில் விட்டுவிடுங்கள். எதிரில் நிற்கிறவர் ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பர்ஸ், இப்போதுதான் டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவர். இன்னொன்று வேண்டுமா என்றால் யாரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். ஒரு கதையின் நுனியைக் காட்டுங்கள். போர்ட் லூயிஸ் இயற்கை வரலாற்று மியூசியத்தில் இருக்கிற, அழிந்துபோன டோடோ பறவையின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற நாடுகளில் இருப்பவையெல்லாம் பல பறவைகளின் எலும்புகளைச் சேர்த்துக் கோத்தவை, முழுக்க முழுக்க ஒரே பறவையின் எலும்புகளால் ஆன கூடு உலகத்திலேயே நம்மிடம்தான் இருக்கிறது. அதைக் கண்டெடுத்தவர் பேராசிரியரும் இல்லை, வெள்ளைக்கார அதிகாரியும் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெ பூஸ் மலைப் பக்கம் அலைந்து திரிந்து எலும்பு பொறுக்கிய எத்தியேன் திரியூ என்ற முடிதிருத்துபவர். அப்படி ஒரு கூடத்தின் வாசலில் கருவி கொடுக்கிறவராக இருந்தால் நான் இவ்வளவுதான் சொல்வேன்: "உள்ளே இருக்கிற டோடோவைக் கண்டுபிடித்தது ஒரு முடிதிருத்துபவர். எப்படி என்று இதில் கேட்கலாம். பிரெஞ்சிலா, கிரியோலிலா? வாடகை இவ்வளவு." விலையை மறைக்கவே கூடாது, கடைசியில் சொல்லி ஏமாந்த மாதிரி உணர வைக்கவும் கூடாது. உங்கள் ஊழியர்கள் ஒவ்வொருவரும் நடந்து கேட்டபோது தனக்குப் பிடித்த ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, தன் வாய்மொழியில் இரண்டு வரி தயார் செய்துகொள்ளட்டும். எல்லாருக்கும் ஒரே வசனத்தை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள், மூன்றாம் நாளே அது பஸ்ஸில் நிறுத்தம் அறிவிக்கிற குரல் மாதிரி ஆகிவிடும்.

எவ்வளவு நேரம் இருக்கிறது என்றும் கேட்கச் சொல்லுங்கள். அரை மணிதான் என்றால் "4, 9, 17 மூன்றையும் மட்டும் கேளுங்கள்" என்று சொல்லத் தெரிந்த ஊழியர், முழுப் பட்டியலையும் நீட்டுகிறவரைவிட நூறு மடங்கு உதவி. வரிசையில் ஆள் இல்லாத நேரத்தில் பத்து விநாடி காதில் வைத்துக் காட்டலாம். கூட்டம் இருந்தால் அதெல்லாம் வேண்டாம்.

இன்னொன்று, திரும்ப வாங்குகிற வேலை. கவுண்ட்டருக்கு வந்த புதிதில் ஒரு பெரியவருக்குக் கருவி கொடுத்தேன், பேத்தியோடு வந்திருந்தார், கை காய்த்துப்போன மனிதர். அதற்கு முன்னால் வைத்திருந்தவர் ஜெர்மன்காரர், நான் மொழியை மாற்றவில்லை. அந்தப் பெரியவர் ஆறு அறையும் ஜெர்மன் பேச்சைக் காதில் வைத்தபடியே நடந்து முடித்துவிட்டு வந்து, கருவியை மெதுவாக மேசையில் வைத்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார். பேத்திதான் வாசலிலிருந்து திரும்பி வந்து, "தாத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை, கேட்க வெட்கப்பட்டார்" என்றாள். நான் வெளியே ஓடிப் பார்ப்பதற்குள் போய்விட்டார்கள். இன்றும் எனக்கு அது வலிக்கிறது. கருவி திரும்பி வந்ததும் துடைத்து, மொழியை வழக்கமான மொழிக்குக் கொண்டுவந்து, சத்தத்தை நடுவில் வைத்து, சார்ஜ் பார்த்து, பிறகுதான் தட்டில் வைக்க வேண்டும். கொடுக்கும்போது முதல் வரியை அவர் காதில் வைத்துக் கேட்டு "புரிகிறது" என்று சொன்ன பிறகுதான் கையை எடுக்க வேண்டும். பயிற்சியில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

ஒரு கருவிக்கு இவ்வளவு என்று ஊழியருக்குக் கமிஷன் கொடுக்கலாமா என்று கடித ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. கால் மணி நேரத்தில் ஓடப்போகிறவர் தலையிலும் கட்டிவிடுவார்கள். அந்தப் பணத்தில் வாரம் ஒரு நாள் கதவு திறக்கும் முன் கால் மணி நேரம் எல்லாரையும் ஒரு டீயோடு உட்கார வைத்து, இந்த வாரம் பார்வையாளர்கள் என்ன கேட்டார்கள் என்று பேச விடுங்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவருக்கும் அதுவே பள்ளிக்கூடம்.

கேள்வி: அம்மா, நான் 14 வருடமாக மியூசியம் கைடு. கருவி வந்த நாளிலிருந்து குழுக்கள் குறைந்துவிட்டன. இப்போது அதே கருவியை நானே பார்வையாளர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டுமாம், அதற்குப் பயிற்சியாம். என் சோற்றில் நானே மண் போடுவது போல இருக்கிறது. (ஒரு வாசகி, காத்ர் போர்ன்)

பதில்: உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் நிர்வாகத்திடம் நேராகக் கேளுங்கள்: கைடுகளின் மணி நேரத்தைக் குறைக்கப் போகிறீர்களா, இல்லையா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அது தெளிவாகாமல் பயிற்சிக்கு உட்கார்ந்தால் மனம் ஒட்டாது, ஒட்ட வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது.

சரி, கருவிக்கு வருவோம். இது நேற்று வந்தது இல்லை. 1952-இலேயே ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலிக் மியூசியத்தில் பார்வையாளர் கையில் சிறிய ரேடியோவைக் கொடுத்து, டேப்பில் பதிந்த பேச்சைக் கூடத்துக்குள் ஒலிபரப்பினார்கள். ஒலிபரப்பு என்பதால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே படத்துக்கு முன்னால் நின்று, ஒரே நேரத்தில் நகர வேண்டியிருந்தது. 70 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஐரோப்பாவிலும் கைடுகள் இன்னும் இருக்கிறார்கள். காரணம் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய நம் 'ஆப்ரவாசி காட்' துறையில் அந்த 16 படிகளுக்கு முன்னால் ஒரு குடும்பம் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 1834-க்குப் பிறகு இந்தத் தீவுக்கு வந்த லட்சக்கணக்கான கூலிகளில் தங்கள் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர் என்று மட்டும் தெரிந்தவர்கள். ஒருவர் அழ ஆரம்பித்தால் கருவி அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும். கைடு நிற்பார், காத்திருப்பார், பிறகு "மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் குடியேறியவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன, போய்க் கேட்டுப் பாருங்கள், சில பேருக்குப் புகைப்படமே கிடைக்கிறது" என்று வழி சொல்வார். கருவி கேள்வி கேட்காது, நாம் கேட்டாலும் பதில் சொல்லாது.

ஆகவே கருவியை உங்களுக்குக் கீழே வேலை செய்ய விடுங்கள். கைடோடு போகப் பணமோ நேரமோ இல்லாதவர், கூச்சப்படுகிறவர், கூட்டம் பிடிக்காதவர், இவர்கள் எப்போதும் உங்கள் குழுவுக்கு வந்தவர்களில்லை. அவர்கள் கருவியோடு போகட்டும். கேட்டு முடித்துக் கேள்வியோடு வருகிறவர்களுக்கு "மூன்று மணிக்கு ஒரு குழு கிளம்புகிறது" என்று பலகை வைக்கச் சொல்லுங்கள், கருவியின் கடைசிப் பதிவிலேயே அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பேச்சில் உங்கள் குரல் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அமெரிக்காவில் அல்காட்ராஸ் சிறைத் தீவின் ஆடியோ சுற்றுலாவை உலகம் முழுக்கப் பாராட்டுகிறார்கள், அதில் பேசுகிறவர்கள் அங்கே காவல் இருந்தவர்களும் அடைபட்டுக் கிடந்தவர்களுமே. 14 வருடமாக எந்தக் கதைக்குப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள், எந்த இடத்தில் கொட்டாவி விட்டார்கள் என்று பார்த்தவர் நீங்கள். எழுதுகிறவரோடு உட்கார்ந்து அதைச் சொல்லுங்கள், பெயர் போடச் சொல்லுங்கள், தனியாகச் சம்பளம் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உழைப்பு.

கேள்வி: வணக்கம் அம்மா. நான் தமிழ் ஆசிரியர். நம் மியூசியங்களில் தமிழில் ஆடியோ கைடு வேண்டும் என்று கேட்டால், "எத்தனை பேர் கேட்பார்கள், ஊழியர்களுக்கே தமிழ் தெரியாதே" என்கிறார்கள். நியாயம்தானா? (ரோஸ் ஹில் வாசகர்)

பதில்: ஐயா, ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிற நாடு இது. 1735-இல் லா பூர்தொனே பிரெஞ்சு கவர்னராக வந்த பிறகு போர்ட் லூயிஸைக் கட்டப் பாண்டிச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் அழைத்துவந்தார்கள், அந்த ஊர்க் கதையைச் சொல்ல அவர்கள் மொழி வேண்டாமா? கேட்க ஆளும் உண்டு. தமிழ் படிக்கிற பள்ளிப் பிள்ளைகள், சென்னையிலிருந்து வருகிற குடும்பங்கள், கோயிலுக்கு வந்த கையோடு வருகிற பாட்டிமார்.

ஆனால் ஊழியர்களுக்குத் தமிழ் தெரியாது என்பது உண்மைதான், அதற்கு ஏற்ற மாதிரி செய்ய வேண்டும். நான் பார்த்த ஒரு கருவியில் மொழிப் பட்டியல் அந்தந்த மொழியின் எழுத்திலேயே வரும். தமிழ் கேட்டு ஓர் அம்மா வந்தபோது கவுண்ட்டரில் இருந்த பெண்ணுக்கு எது தமிழ், எது இந்தி என்று புரியவில்லை, இருப்பதே தெரியாமல் "தமிழ் இல்லை" என்று சொல்லிவிட்டாள். கருவிக்குப் பின்னால் "கீழிருந்து இரண்டாவது" என்று கிரியோலில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினோம், பிரச்சினை தீர்ந்தது. அதோடு "வணக்கம், தமிழிலும் கேட்கலாம்" என்ற ஒரு வரியை எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தோம். கிரியோல் பிள்ளைகள் அதை அவ்வளவு ஆசையாகச் சொல்வார்கள், கேட்கிறவர் முகம் மலர்ந்துவிடும்.

குரல் இங்குள்ளவர் குரலாக இருக்கட்டும். வெளியூர் ஸ்டூடியோவில் பதிவு செய்தால் பாம்ப்லமூஸ், மாஹேபூர் என்று நாம் சொல்கிற பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள், நம் பாட்டிகளுக்கு அது எந்த ஊர் என்றே தெரியாது. பிரெஞ்சில் எழுதியதை வரிக்கு வரி மொழிபெயர்க்கவும் கூடாது. தமிழில் அது நீண்டு, ஒரு நிமிடப் பேச்சு ஒன்றரை நிமிடமாகிக் கால் வலிக்க ஆரம்பித்துவிடும். பொருளைப் பார்த்தபடியே ஒருவருக்குச் சொல்வது போல் புதிதாக எழுதுங்கள். உங்கள் மாணவர்களையே எழுதிப் படிக்க வைத்து, மியூசியத்துக்கு எடுத்துப் போய் இரண்டு காட்சிப் பொருள்களுக்கு மட்டும் சோதித்துக் காட்டுங்களேன். காகிதத்தில் கேட்டபோது மறுத்தவர்கள் காதால் கேட்டபின் மறுப்பது கஷ்டம்.

கேள்வி: இப்போதுதான் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, கியூஆர் கோடு ஒட்டிவிட்டால் கருவியும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம் அல்லவா? (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, கருவியைக் குறைக்கலாம், பயிற்சியைக் குறைக்க முடியாது. கருவி என்றால் கையில் கொடுக்கும்போதாவது ஒரு பேச்சு நடக்கிறது. சுவரில் ஒட்டிய கட்டத்தைப் பற்றி யாராவது வாய் திறந்து சொன்னால்தான் பார்வையாளர் கவனிப்பார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் டேட்டாவை அணைத்து வைத்திருப்பார், அவருக்கு வைஃபை பாஸ்வேர்டு சொல்ல வேண்டும். பேட்டரி 8 சதவீதத்தில் இருக்கும். இயர்போன் கொண்டுவர மறந்தவர் ஸ்பீக்கரில் போட்டு, அந்த அறையில் இருக்கிற எல்லாரும் அவருடைய மொழியில் கேட்க வேண்டியிருக்கும். அப்போது ஊழியர் போய்த் திட்டாமல், விலை குறைந்த ஓர் இயர்போனை நீட்டி "இதை வைத்துக் கேளுங்கள், இன்னும் நன்றாக இருக்கும்" என்று சொல்லப் பழக வேண்டும். இடத்துக்கு இடம் வேறு சிக்கலும் உண்டு. கோடான் துறையில் இருக்கிற ப்ளூ பென்னி மியூசியத்தில் நம் தீவின் 1847-ஆம் வருட அரிய அஞ்சல் தலைகளின் அசலுக்கு நாள் முழுக்க விளக்குப் போடுவதில்லை, வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்பதால் குறிப்பிட்ட நேரங்களில் கொஞ்ச நேரம் மட்டும் போடுகிறார்கள். அந்த மாதிரி இடத்தில் எந்த நேரத்தில் எந்த அறையில் இருக்க வேண்டும் என்று வாசலிலேயே சொல்ல ஓர் ஆள் வேண்டும். என் ஆலோசனை: இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும், போன் இல்லாத பாட்டிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் கருவி இருக்கட்டும்.

கேள்வி: என் அப்பாவுக்குக் காது மெஷின். அதன் மேலே ஆடியோ கைடின் ஹெட்போனை வைத்தால் கீச்சென்று சத்தம் வருகிறது. வேறு வழி உண்டா? (வாக்வா வாசகி)

பதில்: உண்டும்மா. கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொள்கிற ஒரு வளையம் இருக்கிறது, அதைக் கருவியில் செருகி, அப்பாவின் காது மெஷினை 'டி' என்ற நிலைக்கு மாற்றினால் பேச்சு நேராக மெஷினுக்குள்ளேயே கேட்கும், ஹெட்போனே வேண்டாம். எல்லா மெஷினிலும் அந்த 'டி' இருக்காது, வாங்கிய இடத்தில் கேட்டுப் பாருங்கள். மியூசியம் போகும் முன் போன் செய்து வளையம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். எடுக்கிறவருக்கு அது என்னவென்றே தெரியாவிட்டால், இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள்.